ஐஸுக்குப் போட்ட பலகை

மண்டபம் பக்கம் வந்து, ஐஸ் பாரைத் தோளில் தூக்காமல் முதன்முதலாகப் பலகையில் சறுக்கிவிட்டவன் யார் என்று கேட்டுப் பாருங்கள். என்னைத்தான் கைகாட்டுவார்கள். கைகாட்டாதவன் வெளியூர்க்காரனாக இருப்பான்.

நான் முதுகுளத்தூர் பக்கத்து மானாவாரிக் கிராமத்துக்காரன். மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் ஆடு. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் மூன்றாம் வகுப்போடு ஒத்துவராமல் போய்விட்டது. மீசை அரும்பும் முன்பே கடற்கரைக்கு வந்து ஓர் ஐஸ் கம்பெனியில் சுமை தூக்கினேன். அந்தக் காலத்தில் ஐஸ் பாரை, இடுப்பு உயரம் இருக்கும் அந்தப் பெரிய கட்டியை, சாக்கில் சுற்றித் தோளில் வைத்துத்தான் லாரிக்கு ஏற்றுவார்கள். சாயங்காலம் சோற்றைப் பிசையும்போது விரலுக்கு உணர்வே இருக்காது. ஒரு நாள் யோசித்தேன். ஐஸ் வழுக்குகிற சாமான். வழுக்குகிற சாமானை மனுஷன் எதற்குத் தூக்க வேண்டும்? கரையில் கிடந்த உடைந்த படகின் பலகையை இழுத்து வந்து, கம்பெனி மேடையிலிருந்து லாரிக்குச் சாய்த்துப் போட்டேன். பார் தானாகப் போய் லாரிக்குள் உட்கார்ந்துகொண்டது. மேஸ்திரி என்னைச் சோம்பேறிப் பயல் என்று திட்டினார். அந்த மாதம் முடிவதற்குள் கரையில் இருந்த எல்லாக் கம்பெனியிலும் பலகை விழுந்துவிட்டது.

அந்தப் பலகைதான் என்னை ஆளாக்கியது. பிறகு லாரி வைத்தேன். லாரியை விற்றுச் சொந்தமாக ஐஸ் கம்பெனி போட்டேன். இன்றைக்கும் என் கம்பெனிச் சுவரில் பெயின்டரைக் கூப்பிட்டு எழுதிப் போட்டிருக்கிறேன்: 'தூக்குகிறவன் கூலிக்காரன், சறுக்குகிறவன் முதலாளி.' யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. என் மண்டையில் உதித்தது.

வீடு கட்டும்போது கொத்தனாரிடம் ஒன்றுதான் சொன்னேன். தெருவில் போகிறவன் என் வாசலை அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். அஸ்திவாரத்தை நெஞ்சு உயரத்துக்கு எழுப்பி, முகம் தெரிகிற மாதிரி தேய்த்த கருங்கல்லில் படி வைத்தேன். எங்கள் தெருவில் அவ்வளவு உயரமான வாசல் வேறு யாருக்கும் இல்லை.

மகளுக்குக் கல்யாணம் முடித்து அனுப்பிய மறு வருஷம், உச்சிப்புளி போய்விட்டுத் திரும்புகையில் ஷேர் ஆட்டோ கவிழ்ந்து என் மனைவிக்கு முதுகுத்தண்டில் அடிபட்டது. உயிர் தப்பியது. கால் தப்பவில்லை. நான் அவளை விட்டுவிடவில்லை. மதுரையிலிருந்து நல்ல சக்கர நாற்காலியாக வரவழைத்தேன். அந்தச் சக்கரத்தில் ஒரு நாளும் அவள் கை பட விட்டதில்லை, நானே தள்ளுவேன். எங்காவது போக வேண்டும் என்றால் கம்பெனியிலிருந்து நாலு ஆட்கள் வந்து, நாற்காலியோடு அவளைத் தூக்கிப் படி இறக்குவார்கள். சாமி புறப்பாடு மாதிரி இருக்கும். எந்த வீட்டு அம்மாவுக்கு இந்த மரியாதை கிடைக்கும் என்று நானே கேட்டிருக்கிறேன். படகு கரைக்கு வருகிற நாளில் ஆட்களுக்குக் கை ஓயாது. அதனால் போகிற நாளை நான்தான் குறிப்பேன். போகப்போக, எங்கே கூப்பிட்டாலும் வரவில்லை என்று சொல்லிவிட்டாள். வெளியே போகப் பிரியமில்லாதவள் என்று சொந்தபந்தம் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருக்கும்.

மகளும் மாப்பிள்ளையும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் கப்பல் பழுது பார்க்கிற இடத்தில் வேலை. வருஷா வருஷம் மகள் கூப்பிடுவாள், நான் தட்டிக் கழிப்பேன். இந்த முறை மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் கம்பெனி சும்மா கிடந்தது. சரி, போய்ப் பார்ப்போம் என்றேன். டிக்கெட் போடும் முன்பே மகள் போனில் ஒரு பேச்சைப் போட்டு வைத்தாள்.

"அய்யா, அம்மாவுக்கு இங்கன பிடிச்சுப் போச்சுன்னா என்கூடயே இருக்கட்டும். நான் பேப்பர் எல்லாம் பார்த்துக்கிறேன். தடை முடிஞ்சதும் நீங்க மட்டும் போங்க."

நான் சிரித்துவிட்டேன். உங்கம்மாவை வாசலைத் தாண்ட வைக்கவே நாலு ஆள் வேண்டும், அவளாவது அங்கே இருப்பதாவது என்றேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் மனைவி பக்கத்தில்தான் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இருக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவள் மாட்டேன் என்று சொல்லாததை நான் கவனிக்கவேயில்லை.

முதல் அடி திருச்சி விமான நிலையத்திலேயே விழுந்தது. விமானத்துக்குள் நம்முடைய நாற்காலி போகாதாம். அதற்குச் சீட்டுக் கட்டிக் கீழே சாமான்களோடு அனுப்பிவிட்டு, ஒரு முழ அகலத்தில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்தார்கள். நான் முன்னால் போய்த் தூக்கத் தயாராக நின்றேன். அங்கே வேலை பார்த்த பெண் பிள்ளை என்னைக் கையால் தடுத்துவிட்டு, என் மனைவி முகத்துக்கு நேரே குனிந்து, நீங்களாகப் பிடித்து எழுந்திருப்பீர்களா அம்மா, நாங்கள் உதவ வேண்டுமா என்று கேட்டது. தூக்க வேண்டும் என்றேன் நான். அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பவே இல்லை. அவளிடமே மறுபடி கேட்டது.

"புடிச்சு எந்திருச்சுருவேன்மா" என்றாள் என் மனைவி.

எழுந்தாள். கைப்பிடியைப் பிடித்து, உடம்பு நடுங்க, எழுந்து நின்றாள். நின்று, திரும்பி, அந்த ஒடுக்க நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். அவளால் நிற்க முடியும் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். வீட்டில் அவள் கைப்பிடியைத் தேடுவதற்குள் நான் தூக்கிவிடுவேன். இத்தனை வருஷம் கூட இருந்தவனுக்குத் தெரியாததை யாரோ ஒரு பிள்ளை ஒரே ஒரு கேள்வியில் தெரிந்துகொண்டது. விமானம் மேலே ஏறும்போது எல்லாரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்கள். நான் அவள் கால்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

சிங்கப்பூரில் நாங்கள் முதன்முதலாக பஸ் ஏறிய கதையையும் சொல்லிவிடுகிறேன். மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போய்விட்டார்கள். நான் அவளைத் தள்ளிக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்தேன். பஸ் வந்து நின்றது. அங்கே நம் ஊர்ப் பிள்ளைகள் இரண்டு பேர் நின்றார்கள், திருவாடானைப் பக்கமாம், கட்டட வேலை. தம்பி, ஆளுக்கொரு பக்கம் பிடியுங்கள் என்று சொல்லி நாற்காலியின் முன்பக்கத்தைப் பிடித்தேன்.

"கையை எடுங்கய்யா" என்றான் ஒருவன். "பலகை வரும்."

டிரைவர் சீட்டை விட்டு எழுந்து வந்தார். பஸ் தரையில் படிந்து கிடந்த ஒரு பலகையை நிமிர்த்தி, நடைபாதையில் சாய்த்துப் போட்டார். நான் நாற்காலியைத் தள்ளியதும் உருண்டு உள்ளே போய்விட்டது. அதன் பிறகுதான் மற்றவர்கள் ஏறினார்கள். ஒருவர் முணுமுணுக்கவில்லை, ஒருவர் மணி பார்க்கவில்லை. நம் ஊர் கண்டக்டராக இருந்தால் ரெண்டு விசிலடித்து வண்டியைக் கிளப்பியிருப்பார்.

நான் அசந்துபோய் நின்றேன். அது என் பலகை. சாய்மானம் கொஞ்சம் மட்டம், ஓரத்தில் மஞ்சள் பெயின்ட், மற்றபடி என் பலகைதான். பார்த்தியா, இவன் இப்பத்தான் போடுறான், நான் அந்தக் காலத்துலயே போட்டாச்சு என்று அவளிடம் சொன்னேன். அவள் பலகையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த வாரமே மகள், கீழ் மாடியில் இருந்த ஒரு சீனக் கிழவியிடமிருந்து பேட்டரி ஸ்கூட்டர் ஒன்றை இரவல் வாங்கி வந்தாள். நடக்க முடியாதவர்கள் ஓட்டுகிற வண்டி. நாலு சக்கரம், முதுகு சாய சீட்டு, முன்னால் ஒரு கூடை. வேகத்துக்கு ஒரு திருகு இருக்கிறது. அதன் ஒரு பக்கம் ஆமைப் படம், மறுபக்கம் முயல் படம். எழுத்தே வேண்டாம், எனக்கே பார்த்ததும் புரிந்தது. அடுக்குமாடிக்குக் கீழே வெறும் தூண்களாக விட்டிருக்கிற இடத்தில் அவள் அதை ஓட்டிப் பழகினாள். முதல் நாள் ஒரு தூணில் இடித்தாள். இரண்டாம் நாள் தூணைச் சுற்றி வந்தாள். சீனக் கிழவி கைதட்டினாள். இவளும் பதிலுக்குத் தமிழில் ஏதோ சொல்ல, ரெண்டு பேரும் சிரித்தார்கள். அப்படிச் சிரித்து நான் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது என்று அப்போதுதான் தோன்றியது.

சாவி மட்டும் என்னிடம் இருக்கும். லாரி வைத்திருந்தவன் சாவியை வண்டியில் விட்டுவைக்க மாட்டான். வண்டி நின்றதும் உருவி இடுப்பில் செருகிவிடுவேன். மறுநாள் காலையில் அவள் கையை நீட்டுவாள், கொடுப்பேன். வண்டிக்குப் பின்னாலேயே நடந்து, இடது பக்கம் போ, நில்லு, ஆள் வருது பாரு என்று சொல்லிக்கொண்டே வருவேன். எனக்காக அவள் ஆமையிலேயே ஓட்டினாள். அதை என் பயிற்சி என்று நினைத்தேன்.

பிறகு ஒரு நாள் தேக்கா சந்தைக்குப் போனோம். நம் ஆட்கள் நிறைய நடமாடுகிற இடம். கீழ்த் தளத்தில் மீன் கடைகள். மீனைவிட எனக்கு ஐஸ்தான் முதலில் கண்ணில் படும். ஒரு சீனக் கடைக்காரர் ஐஸைப் பெரிது பெரிதாக உடைத்துப் போட்டு அதன் மேல் மீனை அடுக்கியிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கூர் பட்டால் செதில் கிழியும், இன்னும் பொடிசாக அரைக்க வேண்டும், அடியில் தண்ணீர் வடிய வழி விட வேண்டும் என்று விளக்கினேன். அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு அது ஒரு தடையாகத் தெரியவில்லை. கையால் அள்ளிக் காட்டினேன். அவர் தலையாட்டினார். இன்னும் கொஞ்சம் சொன்னேன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் இல்லை.

இடுப்பைத் தடவினேன். சாவி இல்லை. ஐஸைப் பார்த்த வேகத்தில் உருவ மறந்திருக்கிறேன். அது வண்டியில் இருந்தது, வண்டி அவளிடம் இருந்தது.

எனக்கு வந்த பயத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நடக்க முடியாத பொம்பளை, பாஷை தெரியாத ஊர். எனக்குத் தெரிந்த முறையில் தேடினேன். சுவரோரம் பார்த்தேன், தூண் மறைவில் பார்த்தேன், மாடிப் படிக்குக் கீழே பார்த்தேன். ஓர் ஆளை ஓரமாக நிறுத்தி வைக்கக்கூடிய இடம் எல்லாம் பார்த்தேன். பாதிச் சந்தை சுற்றிய பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் அவளை இதற்கு முன் தேடியதே இல்லை. கல்யாண வீடானாலும் ஆஸ்பத்திரியானாலும் நான் நிறுத்திவிட்டுப் போன இடத்தில் அவள் இருப்பாள். போன காரியத்தை முடித்துவிட்டு எத்தனை நேரம் கழித்து வந்தாலும் அதே இடத்தில், அதே பக்கம் பார்த்துக்கொண்டு இருப்பாள். அப்படிப்பட்டவளை எப்படித் தேடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மளிகைக் கடையில் நின்ற ஒரு தமிழரிடம், நடக்க முடியாத ஒரு அம்மாவைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். நடக்க முடியாதவர் யாரையும் பார்க்கவில்லை, வண்டியில் ஒரு அம்மா பறந்து போனார்கள் என்றார். முயலுக்குத் திருப்பியிருக்கிறாள் என்று புரிந்தது. அங்கே கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு காய்கறிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது காவல் உடுப்புப் போட்ட ஒரு ஆள் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். நம் ஆள்தான்.

"அய்யா, காணாமப் போனவர் நீங்கதானா?"

"இல்லப்பா, காணாமப் போனது எங்க வீட்டுக்காரம்மா."

"அவங்கதான் வந்து சொன்னாங்க. வெள்ளை வேட்டி, சட்டைப் பையில ரெண்டு பேனா, யார்கிட்டயாவது ஐஸைப் பத்திப் பேசிக்கிட்டு நிப்பாரு, போய்க் கூட்டிட்டு வாங்கன்னாங்க. பேர் கேட்டோம். புருஷன் பேரைச் சொல்ல மாட்டேன்னுட்டாங்க."

ராமேஸ்வரம் ரோட்டில் என்னைத் தெரியாத லாரி டிரைவர் கிடையாது. அப்பேர்ப்பட்ட என்னை அந்தக் காவல்காரர் தொலைந்துபோன கிழவன் மாதிரிக் கையைப் பிடித்து, சந்தை நடுவே கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவள் காற்றாடிக்குக் கீழே வண்டியை நிறுத்திக்கொண்டு, பாக்கெட்டில் கட்டித் தந்த டீயைக் குழாயில் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். எங்கே போய்விட்டீர்கள், பயந்துவிட்டேன் என்று என்னைக் கேட்டாள்.

கூடையில் ஒரு பை இருந்தது. பஸ்ஸில் வரும்போது என்ன என்று கேட்டேன். சொல்லத் தகாத விஷயம், ஆனாலும் சொல்கிறேன். உள்பாவாடை. ஊரில் அவளுக்கு வேண்டிய துணியை ராமநாதபுரத்தில் நானே வாங்குவேன், கட்டாக, ஒரே அளவில், உயர்ந்த ரகத்தில். அது உட்கார்ந்தே இருக்கிறவளுக்கு நீளமாம். ஓரம் சக்கரத்தில் மாட்டுமாம். இத்தனை வருஷமும் அதை மடித்துச் செருகிக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைக்காரப் பெண்ணிடம் தன் அளவைச் சொல்லி, குட்டையாகப் பார்த்து, தானே எடுத்திருக்கிறாள். அதற்காகத்தான் போயிருக்கிறாள்.

வீட்டுக்கு வந்த பிறகு எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயந்தவனுக்குக் கோபம் வரத்தான் செய்யும். மகளும் மாப்பிள்ளையும் வேலை முடிந்து வந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டே கேட்டேன். ஊரில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடைக்குத் தூக்கிப் போயிருக்க மாட்டேனா? உனக்கென்று நாலு ஆள் போட்டு வைத்திருந்தேனே, யார் செய்வான் அப்படி?

அவள் குரலை உயர்த்தவில்லை. பாவாடையை மடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஐஸுக்குப் பலகை போட்டீங்க. எனக்கு ஆள் போட்டீங்க."

மாப்பிள்ளை காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். எந்தப் பலகையால் நான் ஆளானேனோ, எதைச் சுவரில் எழுதி வைத்து ஊருக்கெல்லாம் காட்டினேனோ, அந்தப் பலகையை எடுத்தே அடித்துவிட்டாள்.

"நான் இங்கனயே இருந்துக்கிறேன்" என்றாள் அடுத்தபடியாக. "நீங்க போயிட்டு வாங்க."

விருந்தாளியை வழியனுப்புகிற மாதிரி இருந்தது அந்தப் போயிட்டு வாங்க.

என் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் பலகை போட்டிருக்கிறான்? கோயிலில் உண்டா, கலெக்டர் ஆபீசில்கூட ஒரு மூலையில் பேருக்குத்தானே கிடக்கிறது? படி வைத்த வாசல்தான் வாசல் என்று நானும் நினைத்தேன், ஊரும் நினைத்தது. இதையெல்லாம் அவளிடம் வரிசையாகச் சொன்னேன். ஆமாம் என்றாள். ஆனால் மகள் பேப்பர் வேலையைத் தொடங்கிவிட்டாள். தடைக்காலம் முடிய அதிக நாள் இல்லை. படகு கடலுக்குப் போகும்போது ஐஸ் வேண்டும், ஐஸுக்கு நான் வேண்டும். அவள் இல்லாத வீட்டுக்கு எப்படிப் போவது? படியேறி உள்ளே போனால் யாரிடம் பேசுவது?

மறுநாள் காலையில் என் கம்பெனி மேஸ்திரிக்குப் போன் போட்டேன்.

"ஏலே, கொத்தனாரைக் கூப்புடு. என் வாசப்படியை உடைக்கணும்."

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டான். கருங்கல்லை உடைத்துவிட்டு, வாசலிலிருந்து தெருவுக்குச் சிமெண்டில் ஒரு சாய்மானம் போடு, நம்ம பலகை மாதிரி என்றேன். என் ஆட்கள் சொன்னதைச் செய்கிறவர்கள். இரண்டே நாளில் முடித்து, போனில் படம் பிடித்து அனுப்பினார்கள். பெருமையாக அவளிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நன்றாகப் பார்த்தாள்.

"இதுல ஐஸ்தான் போகும். நான் போனா எதுத்த வீட்டுச் செவுத்துல கிடப்பேன்."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். நம்ம பலகை மாதிரி என்றேன் அல்லவா, அவர்கள் நம்ம பலகையின் சாய்மானத்தையே போட்டுவிட்டார்கள். ஐஸ் தானாக ஓட வேண்டிய சரிவு அது. ஆனால் என் மனைவி சொன்ன பேச்சில் ஒன்றைக் கண்டுகொண்டேன். நான் போனா என்றாள். போக மாட்டேன் என்று சொல்லவில்லை.

மாப்பிள்ளை கீழே கூட்டிப்போய், அடுக்குமாடிக்குப் போட்டிருந்த சாய்மானத்தை டேப் வைத்து அளந்து காட்டினார். ஒரு சாண் உயரம் ஏற வேண்டுமானால் பன்னிரண்டு சாண் நீளம் வேண்டுமாம். நான்தான் நெஞ்சு உயரத்துக்கு அஸ்திவாரம் எழுப்பியவன். அந்தக் கணக்கில் போட்டால் சாய்மானம் தெருவைத் தாண்டி எதிர்த்த வீட்டுக்குள் போய்விடும்.

"மடக்கி மடக்கிக் கொண்டு வரலாம் மாமா. முன்னால கார் நிக்கிற இடம் போயிரும்."

போகட்டும் என்றேன். அடுத்து வந்த நாட்களில் போனும் கையுமாக இருந்தேன். போட்டதை உடைத்தார்கள், மறுபடி போட்டார்கள். முதல் மடக்கில் வண்டி திரும்ப இடம் போதாது என்று அவள் சொன்னாள், அதையும் உடைத்தார்கள். கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்பதற்கு அவள் வண்டியில் உட்கார்ந்து கையை நீட்டிக் காட்டினாள், நான் அந்த அளவை மேஸ்திரிக்குச் சொன்னேன். நான் சொல்லி அவள் கேட்டுப் பழக்கம். அவள் சொல்லி நான் இன்னொருவருக்குச் சொல்வது எனக்கே விசித்திரமாக இருந்தது. வேலை முடிந்தபோது அது என் வீட்டு வாசலை மறைத்துக்கொண்டு வளைந்து கிடந்தது. தெருவில் அதற்குப் பாம்பன் பாலம் என்று பெயர் வைத்து, கப்பல் எப்போ வரும் என்று கேட்கிறார்கள் என்றான் மேஸ்திரி. கேட்கட்டும். யார் வீட்டுக்கு முன்னால் பாலம் இருக்கிறது?

கடைசிப் படத்தை அவளிடம் காட்டியபோது வெகு நேரம் பார்த்தாள். தெருவில் தார் போட்டிருக்கா, மணலா என்று கேட்டாள். மணல்தான், தார் ரோடு வரைக்கும் சிமெண்டு போடச் சொல்லிவிட்டேன் என்றேன். சாயங்காலம் சீனக் கிழவியிடம் வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், மகளிடம் இதே மாதிரி வண்டி எங்கே கிடைக்கும் என்று விசாரித்தாள். என்னிடம் நேராகச் சொன்னது இவ்வளவுதான்.

"வாரேன். வண்டியோட வாரேன். சாவி என்கிட்டத்தான் இருக்கும்."

சரி என்றேன். வேறு என்ன சொல்ல?

திரும்பும்போது விமான நிலையத்தில் பேட்டரி என்ன ரகம், கழற்ற முடியுமா என்று பெரிய விசாரணை நடந்தது. நான் பதில் சொல்ல முன்னால் போனேன். அவர்கள் அவளைத்தான் கேட்டார்கள். மாப்பிள்ளை சொல்லிக் கொடுத்திருந்ததை அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள், பேட்டரி எங்கே கழலும் என்று குனிந்து தொட்டுக் காட்டினாள். நான் இரண்டு பேனாவோடு பக்கத்தில் நின்றேன்.

வீட்டு வாசலில் நாலு ஆட்களும் வழக்கம்போல வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள். பழக்கம் விடவில்லை. தள்ளி நில்லுங்கப்பா என்றாள். ஆமையில் வைத்து, ஒவ்வொரு மடக்காகத் திரும்பி, மேலே ஏறிப் போனாள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். நானும்தான்.

தடை முடிந்து, கடலுக்குப் போன விசைப்படகுகள் திரும்பிய அன்று கம்பெனியில் பேச்சுக் குரல் கேட்காத அளவுக்கு ஐஸ் அரைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் மேடையில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். திடீரென்று ஆட்களின் கை நின்றது. என்னலே என்று திரும்பினேன். கேட்டுக்குள் அவள் வண்டி நிற்கிறது. விபத்துக்குப் பிறகு அவள் கம்பெனிக்கு வந்ததே இல்லை. வர வேண்டும் என்று சொன்னதும் இல்லை, நான் கேட்டதும் இல்லை. கூடையில் ஒரு பை, அதற்கு வெளியே ஒரு மீன் வால்.

"கொஞ்சம் ஐஸ் போடுங்க. குழம்பு வைக்கிற வரைக்கும் தாங்கணும்."

யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். கரைக்குப் போய்த் தானே வாங்கியதாகச் சொன்னாள். ஏமாற்றியிருப்பார்கள் என்று நினைத்து, செவுளைத் தூக்கிப் பார்த்தேன். ரத்தச் சிவப்பு. குறை சொல்ல ஒன்றும் இல்லை. பொடிந்த ஐஸாகப் பார்த்து இரண்டு கையாலும் அள்ளிப் பைக்குள் போட்டேன். அவள் அதற்குள் மேடையையும், லாரிக்குப் போட்டிருந்த பலகையையும், சுவரில் பெயின்டர் எழுதியதையும் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, திருகில் கை வைத்தாள். வண்டி ஈரத் தரையில் ஒரு வட்டமடித்து கேட்டைத் தாண்டியது.

"மொதலாளி, அம்மா தனியாப் போறாங்களே, நான் கூடப் போகவா?" என்றான் ஒருவன்.

"வேணாம்லே. நீ பாரை இறக்கு."

அவன் இறக்கினான். நான் கையில் ஐஸ் ஒட்டியது ஒட்டியபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வளைவு வரைக்கும் தெரிந்தாள். எனக்கு இன்னும் பழகவில்லை.